முற்றத்தில் பிழைத்த மோட்டார் கார்கள்

மோட்டார் காரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தவர்களின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலையிலிருந்து எத்தனை வண்டிகள் வெளிவந்தன, அவற்றை வரைந்த பொறியியலாளர் யார், எந்தக் கம்பனி எந்தக் கம்பனியோடு இணைந்தது என்பனவெல்லாம் புத்தகங்களில் உண்டு. ஆனால் அதே வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பின்னர் நாற்பது ஐம்பது வருடங்கள் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்தில், மாமர நிழலில், கழற்றப்பட்டும் பூட்டப்பட்டும் உயிர் தரித்திருந்த கதையை எழுதியவர்கள் மிகச் சிலர். இன்று நாம் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது வரலாற்றை. களம் யாழ்ப்பாணக் குடாநாடு. கதாபாத்திரங்கள் இரண்டு: ஒன்று மொறிஸ் மைனர்; மற்றது எங்கள் மக்கள் 'ஏ போட்டி' என்று செல்லமாக அழைத்த ஒஸ்ரின் ஏ 40.

இவை இரண்டும் பஞ்சத்தில் பிறந்த பிள்ளைகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. உருக்கு தட்டுப்பாடான பொருள். ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி சம்பாதிக்கும் தொழிற்சாலைகளுக்கே அரசாங்கம் முன்னுரிமை கொடுத்து உருக்கைப் பங்கிட்டது. ஆகவே செய்த வண்டிகளில் பெரும் பங்கு கப்பலேறியது. சொந்த நாட்டுக்காரன் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1947இல் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஏ 40 டெவன் வந்தது. பெயரிலுள்ள நாற்பது அதன் குதிரைவலுவைக் குறிப்பது. 1952இல் சொமசெற்றும், 1954இல் கேம்பிறிட்ஜும் அதே ஏ 40 என்ற பெயரோடு தொடர்ந்தன. மொறிஸ் மைனர், நாங்கள் சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது.

மைனரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் துருக்கியின் ஸ்மேர்னா நகரில் பிறந்தவர். கம்பனியின் அதிபரான நபீல்ட் பிரபுவுக்கு இந்த வண்டியின் உருவம் பிடிக்கவேயில்லை. உடைத்து வேகவைத்த முட்டைபோல இருக்கிறது என்று சொன்னாராம். உற்பத்தி தொடங்கும் தறுவாயில் இசிகோனிஸுக்கே ஒரு குறை தோன்றியது. வண்டி ஒடுங்கலாக இருக்கிறது என்று எண்ணினார். மாதிரி வண்டி ஒன்றை நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, இரு பாதிகளையும் சற்றே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது கண்ணுக்கு அழகாகப்பட்டது. அப்படியே செய்யச் சொன்னார். ஆனால் முன் பின் பம்பர்கள் அதற்குள் செய்து குவிக்கப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு வைத்து இணைத்தார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் இந்த ஒட்டைக் காணலாம். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டியும் அந்த நான்கு அங்குலத்தின் தடயமே. பின்னாளில் எங்கள் ரிங்கறிங் கராஜ்களில் இந்த வண்டி பட்ட வெட்டும் ஒட்டும் அதற்குப் புதியதல்ல என்று சொல்லத் தோன்றுகிறது.

இலங்கைக்கு இவை வந்த காலத்தை நிச்சயிப்பதற்கு இலக்கத் தகடு ஒரு நல்ல சாசனம். ஆங்கில எழுத்துக்களோடு கூடிய தகடு என்றால் வண்டி 1957க்கு முந்தியது. 1957 ஜனவரி முதல் பதிவான வண்டிகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய இயக்கமும், 1958 கலவரமும் நேயர்கள் அறிந்தவையே. ஒரு பழைய காரின் தகட்டைப் பார்ப்பவர் நாட்டின் அரசியலையும் சேர்த்தே பார்க்கிறார்.

மலாயா ஓய்வூதியக்காரர், டாக்குத்தர், அப்புக்காத்து, சுருட்டு வியாபாரி என்று வசதியுள்ளவர்கள் வாங்கிய இவ்வண்டிகள், சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் புதியவற்றுக்கு இடம்விட்டு மறைந்திருக்க வேண்டியவை. மறையவில்லை. காரணம் பழைமையில் எங்களுக்கிருந்த பற்று என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, ஏறக்குறையப் பதினைந்து வருடங்களுக்கு மேலாக, உள்ளதை வைத்தே ஓட்டவேண்டியிருந்தது. புதுக் கார் கிடைக்காது. புது உதிரிப்பாகமும் இலகுவில் கிடைக்காது. அந்தக் காலத்தில்தான் காரைப் பேணுவது ஒரு வீட்டுக் கல்வியாக மாறியது.

வீட்டில் வைத்துப் பேணக்கூடியதாக அந்த வண்டிகளின் அமைப்பும் இருந்தது. பொனற்றைத் தூக்கினால் எஞ்சினின் இரு பக்கமும் நிலம் தெரியும்; கை போகாத இடம் குறைவு. பிளக் நான்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, இடைவெளியைச் சரிபார்த்து மாட்ட அரை மணித்தியாலம் போதும். டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து 'பொயின்ற்' முனைகளை மட்டத்தாளால் தேய்த்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி வைப்பதைப் பத்தாம் வகுப்புப் பையனும் பழகிவிடுவான். மைனரின் பெற்றோல் பம்பி மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்றிழுக்கிறது, அல்லது பெற்றோல் முடிந்துவிட்டது. அடிக்கவே இல்லையென்றால் அதன் முனைகள் ஒட்டிவிட்டன. திருப்புளியின் பிடியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் உயிர் பெறும். கண்ணுக்கு முன் காது வேலை செய்யும் தொழில் இது. கராஜில் பழக வரும் பையனுக்கு முதற்பாடம், "கையை எடு தம்பி, முதலில் காதைக் குடு" என்பதாகவே இருக்கும்.

எல்லாம் இலகு என்று சொல்வதற்கில்லை. மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் திருகாணி மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்கவேண்டும். ஆயிரம் மைலுக்கொரு தடவை என்று பழைய கைநூல்கள் வற்புறுத்தின. அதை மறந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் வளைவில் திரும்பும்போது சில்லு மடங்கி வண்டி முகங்குப்புற விழுந்துவிடும். இந்த அழகான காரின் மிகப் பெரிய குறை இதுதான். கைபிடி போட்டுச் சுற்றி ஸ்ராட் செய்வதிலும் ஒரு விதி உண்டு. பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளவேண்டும். பெருவிரலை மறுபுறம் வளைத்துப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு முறியும். முறிந்த கைகள் எத்தனையோ.

குடாநாட்டுக்கென்றே சில தொல்லைகள் இருந்தன. கடற்காற்றின் உப்பு அடித்தகட்டைத் தின்னும். மைனருக்குத் தனியான சட்டம் கிடையாது, உடலே சட்டம். ஆகவே கதவுக்குக் கீழுள்ள தகடு உக்கிப்போனால் அது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல, வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. கழிவு எஞ்சின் ஒயிலை அடியில் பூசுவது இதற்கு ஏழையின் மருந்து. ஏ 40 டெவனுக்கும் சொமசெற்றுக்கும் கீழே தனிச் சட்டம் உண்டு. உடல் உக்கினாலும் அவை நடக்கும். வாடகைக் காரர்கள் அவற்றை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மற்றத் தொல்லை தண்ணீர். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரை ஊற்றினால் றேடியேற்றரின் குழாய்களுக்குள் கேத்தலில் படிவதுபோலச் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். மாரியில் பிடித்து வைத்த மழைநீர் அதற்கு எவ்வளவோ மேல்.

இந்தியாவின் அம்பாசடரும் இந்தக் குடும்பத்து உறவுதான். 1950களின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டே பெயர் மாறி, 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே செய்யப்பட்டது. அதனுடைய 1489 சி.சி. எஞ்சினும் கேம்பிறிட்ஜ் வரிசையின் எஞ்சினும் ஒரே வழிவந்தவை. பழைய பிரித்தானிய வண்டிக்கு இந்தியாவில் சொந்தக்காரர் இருந்தது பெரிய ஆறுதல்.

இவ்வளவும் முன்னுரை. உண்மையான சோதனை 1990 ஜூனில் தொடங்கியது. யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பெற்றோல் முக்கியமானது. பற்றறிகளும் அப்படியே. மின்சாரம் நின்றுபோயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்னில் வீடே சுற்றியிருந்து வானொலி கேட்ட காலம் அது. இன்று வானொலியில் இதைச் சொல்லும்போது, அப்படிக் கேட்டவர்களில் பலர் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது நினைவில் வருகிறது.

கறுப்புச் சந்தையில் போத்தல் கணக்கில் விற்ற பெற்றோலில் கார் ஓட்ட எவராலும் முடியாது. கட்டுப்பாட்டோடு கிடைத்தது மண்ணெண்ணெய் ஒன்றே. கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. இதைக் கேட்ட வெளியூரார் அதிசயப்பட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அதில் அதிசயம் இல்லை. தோட்டக் கிணற்றடியில் நின்ற நீரிறைக்கும் இயந்திரங்களிற் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வதும், சூடேறியபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் அறிந்த வித்தை. தோட்டத்தில் இருந்த அறிவு முற்றத்துக்கு வந்தது, அவ்வளவுதான். என்னுடைய எண்ணத்தில் இந்தக் கதையின் மையம் இதுதான். காரைக் காப்பாற்றியதில் மெக்கானிக்குக்கு எவ்வளவு பங்கோ, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துக் களைத்து மெஷின் வாங்கிய கமக்காரனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

மறுபுறம், காரின் பிறப்பிலேயே இதற்கான இடம் இருந்தது. யுத்தகாலப் பிரித்தானியாவில் எல்லாக் கம்பனிப் பெற்றோலும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, தரங்குறைந்த ஒரே வகையாகவே விற்கப்பட்டது. 1953 வரை இந்த நிலை நீடித்தது. அந்தப் பெற்றோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைத் தாழ்வாக வைத்தார்கள். அதாவது பிஸ்ரன் காற்றையும் எரிபொருளையும் எத்தனை மடங்கு நெரிக்கிறது என்ற கணக்கு. முதல் மைனரில் அது ஆறரை மடங்கு அளவு; 1952இல் வந்த 803 சி.சி. எஞ்சினில் 7.2. மண்ணெண்ணெய் அதிக நெரிவைத் தாங்காது. தானாகவே வெடித்து எஞ்சினைச் சம்மட்டியால் அடிப்பதுபோல அடிக்கும். எண்பதுகளில் வந்த யப்பானியக் கார்களின் எஞ்சின்கள் ஒன்பது மடங்கு நெரிப்பவை. ஆகவே புதிய கார்கள் தடையின்போது படுத்துவிட, பாட்டன் வயதுக் கார்கள் எழுந்து நடந்தன. 1956இல் வந்த மொறிஸ் 1000இன் 948 சி.சி. எஞ்சின்கூட 8.3 மடங்கு நெரிக்கும் வகையில் வந்தபோது, மண்ணெண்ணெய்க்குச் சற்று முரண்டு பிடிக்கக்கூடியதே. பிரித்தானியனுடைய பஞ்சத்துக்காக வரையப்பட்ட எஞ்சின் நாற்பது வருடத்தின் பின் எங்களுடைய பஞ்சத்துக்கு உதவிற்று.

ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. பெற்றோல் கைச்சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்க 150 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். எனவே சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். ஏ 40இலும் மைனரிலும் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. இங்கிலாந்தின் பழைய போர்ட்சன், பேர்குசன் உழவு இயந்திரங்கள் இதே தத்துவத்தில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு மலிவெண்ணெயில் ஓடியவையே. எஞ்சின் குளிராதிருக்க அவற்றின் றேடியேற்றருக்கு முன்னால் திரை மூடி கூட இருந்தது. இக்னிசன் பொறியின் நேரத்தையும் சற்றுப் பின்தள்ளவேண்டும். பயணம் முடியுமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றர் கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்துவிட்டு நிறுத்தவேண்டும். மறந்து நடுவழியில் நின்றுவிட்டதோ, கிண்ணத்தை வடித்து, பிளக் நான்கையும் கழற்றித் துடைத்து, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். வெள்ளைப் புகையும், கண்ணைக் கரிக்கும் மணமும் அக்காலத்து வீதிகளின் அடையாளம்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலோடு கலந்துவிடும். குறிகாட்டும் கோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அறியாதவன் மகிழ்ச்சியடைவான்; அறிந்தவன் பயப்படுவான். அந்தத் தண்ணீர் ஒயிலில் ஓடினால் பெயரிங்குகள் தேயும், றிங்குகள் தேயும். ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். ஒயிலோ அதைவிட அரிது. ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி வால்வுகளை அரைத்துப் பொருத்தும் வேலை, முன்பு வருடக்கணக்கில் ஒருமுறை வந்தது, இப்போது மாதக்கணக்கில் வந்தது. காஸ்கற் மட்டையில் வெட்டப்பட்டது. தேய்ந்த உறுப்பைக் கடைச்சல் பட்டறையில் கடைந்தெடுத்தார்கள்.

மண்ணெண்ணெயும் இலவசமாகக் கொட்டவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. கார் எரித்த ஒவ்வொரு போத்தலும் கிணற்று மெஷினுக்கும், படிக்கிற பிள்ளையின் விளக்குக்கும் போகவேண்டியது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து, அந்த ஒளியில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை அது. ஆகவே காரை எடுப்பது ஒரு முடிவு. பிரசவ வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பாம்பு கடித்தவரைக் கொண்டுபோக, காயப்பட்டவரைக் கொண்டுபோக, சில வேளை ஒரு கலியாண ஊர்வலத்துக்கு. முற்றத்தில் நின்ற கார் ஓடுமா ஓடாதா என்பது நடுச்சாமத்தில் ஓர் உயிரின் கேள்வியாக வரக்கூடும். நேற்றே பொயின்ற்றைத் துடைத்து வைத்தவனுக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டவனுக்கும் இடையிலுள்ள தூரம் அப்போது தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது இந்த வண்டிகளும் அந்தச் சனநெரிசலில் ஊர்ந்தன. மனிதரையும் மூட்டையையும் ஏற்றியவை சில. வீட்டோடு விடப்பட்டவை பல.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். அங்கே மைனரின் உற்பத்தி 1971இல் நின்றது. மொத்தம் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள். பத்து இலட்சத்தைத் தொட்ட முதற் பிரித்தானியக் கார் அதுதான். பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். புதுக் கார் வாங்குபவன் அதன் விலை வீழ்ச்சியிலேயே பணத்தை இழக்கிறான். பழைய வண்டியைப் பகுதி பகுதியாகப் புதுப்பித்தால் அது என்றென்றைக்கும் ஓடும் என்பது அவர் வாதம். அவரே பின்னர் மைனரின் உறுப்புகளை இலங்கையில் செய்விக்கவும் ஏற்பாடு செய்தார். அவர் ஆங்கிலத்தில் வாதிட்டு நிறுவ முயன்றதை, வாதமே இல்லாமல் கியூபாவின் ஹவானாவிலும் எங்கள் கொக்குவில், சாவகச்சேரிப் பக்கங்களிலும் செய்துகொண்டிருந்தார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. பாத் நகரில் அது விருப்பத்தின் பேரில் நடந்தது. இங்கே விருப்பத்தைக் கேட்டவர் யாருமில்லை.

2002 ஏப்ரலில் ஏ 9 பாதை திறந்தபோது குடாநாட்டுக்கு வந்தவர்களில் ஒரு சாரார் பழைய கார் தேடி வந்தார்கள். 2006இல் பாதை மூடி, 2009இல் மறுபடி திறந்தபின் இது இன்னும் கூடிற்று. முற்றத்தில் நின்ற கார்களுக்கு நல்ல விலை பேசப்பட்டது. விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குக் காசு அனுப்பவும், இடிந்த வீட்டைக் கட்டவும் அந்தப் பணம் உதவியிருக்கும். காரும் நன்றாகவே கவனிக்கப்படும்; வர்ணம் பூசி, குறோமியம் ஏற்றி, கண்காட்சிக்கும் கலியாணத்துக்கும் போகும்.

ஆனால் பழைய கார்களைச் சேகரிப்போரிடையே ஒரு விதி உண்டு. வண்டி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். பின்னால் சேர்த்த எதுவும் ஊனமாகவே எண்ணப்படும். அந்த விதிப்படி, பொனற்றுக்குள் இரண்டாவது எரிபொருளுக்காகப் பொருத்திய தகரமும், நீரிறைக்கும் மெஷினிலிருந்து கழற்றிப் பூட்டிய இருவழிக் குழாயும், கடைச்சல் பட்டறையில் செய்த உறுப்பும் முதலில் கழற்றி எறியப்படவேண்டியவை. நான்கு அங்குலத் துண்டு வைத்த பம்பர் மட்டும் விதிவிலக்கு. அது தொழிற்சாலை செய்த ஒட்டு என்பதால் அதற்கு விலை அதிகம். எங்கள் ஒட்டு எந்தக் கைநூலிலும் இல்லை. எந்தக் குழாய் எந்தப் பக்கத்தில் இருந்தது, பொறியின் நேரத்தை எத்தனை பாகை பின்தள்ளினார்கள், எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயிலை வடித்தார்கள் என்பனவற்றை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அதைச் செய்த கைகளுக்கு இப்போது எழுபது எண்பது வயது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அந்த இருவழிக் குழாயை வரைந்து தரச் சொல்லுங்கள்.